பின்னால் வரும் வீடு

தங்காக்கில் அம்மா வீட்டில் ஏறினால் பாகோ தாண்டிய பிறகுதான் லோஷினி வாயைத் திறப்பாள். கூலாயில் அப்பா வீட்டில் ஏறினால் சிம்பாங் ரெங்காம் தாண்ட வேண்டும். புறப்பட்ட வீடு கண்ணுக்கு எட்டாத தூரம் போக வேண்டும், போகிற வீடு இன்னும் வந்திருக்கக் கூடாது. இடையில் இருக்கும் அந்த நெடுஞ்சாலைத் துண்டில் மட்டும் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்குக் குரல் வரும்.

வண்டி, அவள் அத்தை காளியம்மாவின் பள்ளி வேன். வாரநாள்களில் கூலாய்ப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிக்கொண்டு கத்திக் கத்தி ஓட்டுகிற வேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பிள்ளையோடு வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். அத்தனை இருக்கைகளும் காலி. லோஷினி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இருக்கையில் உட்காருவாள். பேச்சு எந்த மூலையிலிருந்து வரும் என்று காளியம்மாவுக்குத் தெரியாது. மழை நாளில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துபோய், இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை வரிசைகள் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும்போது, முகம் தெரியாத அந்தக் குரல் வேனே பேசுவதுபோல இருக்கும்.

"அத்தை, நம்ம பின்னாடி ஒரு வீடு வருது."

காளியம்மா கண்ணாடியில் பார்த்தாள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிதான் வந்துகொண்டிருந்தது. "எங்கடி வீடு? லாரி லா அது."

"லாரிக்குப் பின்னாடி. அதுக்கு லைசன்ஸ் இல்ல. அதான் ஓரமா மெதுவா வருது."

"யாரு ஓட்டறா?"

"யாரும் ஓட்டல. அதுவா வருது."

"உள்ள யாரு இருக்கா?"

வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. "யாரும் இல்ல. அதான் சத்தமே இல்ல. செவுத்துல எல்லாம் தண்ணி மாதிரி வெளிச்சம் ஆடுது. மீனுங்க படிக்கட்டுல ஏறி மேல போவுது. மேல போயி தூங்குது."

காளியம்மா ஐம்பதைத் தொட்டவள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சொந்தக் காலில் நின்றவள். யார் வாய்க்கும் அஞ்சாதவள். கனவு, கதை என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிறவள். அவளுக்கே அன்றைக்கு மனசு இதமாகிவிட்டது. பிள்ளையைக் கூலாயில் இறக்கிவிட்டு வேனை நிறுத்தும்போது, அந்த வீடு எங்கே நின்றிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். காளியம்மாவின் தம்பி திருச்செல்வம் சிங்கப்பூரில் தொழிற்சாலை டெக்னீஷியன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். அவன் மனைவி பிரேமலா தங்காக்கில் தாய்வீட்டோடு போய்விட்டாள், அங்கே துணிக்கடையில் வேலை. எதற்குப் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதுதான் நல்லது என்று சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். லோஷினி அந்த வயதைத் தாண்டிவிட்டாள். அதனால் பராமரிப்பு உரிமை யாருக்கு என்று உயர் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் நன்றாகவே மல்லுக்கட்டலாம், கட்டினார்கள். இடைக்கால உத்தரவுப்படி பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும், ஒன்றுவிட்டு ஒரு வாரக்கடைசி தகப்பனிடம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்பதால் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் காளியம்மாவின் பொறுப்பு. குழந்தையின் நலனே முதன்மை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நல்ல வாக்கியம்தான். இரண்டு வக்கீல்களும் அதையே மாறி மாறிச் சொன்னார்கள். கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

இதற்கு நடுவில்தான் லோஷினி பேச்சை நிறுத்தினாள். முதலில் பள்ளியில். பிறகு அம்மா வீட்டில், பிறகு அப்பா வீட்டில். தலையாட்டுவாள், சாப்பிடுவாள், வீட்டுப்பாடம் எழுதுவாள். பேச மட்டும் மாட்டாள். வகுப்பாசிரியை பயந்துபோய் அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பச் சொன்னார். கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை, அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே டாக்டர். முறை வருவதற்குள் பள்ளி விடுமுறையே வந்து போய்விட்டது.

பிரேமலாவுக்கு அதில் பயம். "அண்ணி, மனநலம்னு கார்டு போட்டுட்டா ஜட்ஜ் என்ன நெனைப்பாரு? புள்ள என் வீட்லதானே இருக்கா. என்னாலதான் இப்படி ஆயிட்டான்னு சொல்லிடுவாங்க."

"பல்லு வலிச்சா பல் டாக்டர்கிட்ட போறோம். யாரால வலிச்சுதுன்னு ஜட்ஜ் கேக்கறாரா? பேசாம கையெழுத்து போடு பிரேமலா," என்றாள் காளியம்மா. பிரேமலா போட்டாள். திருச்செல்வமும் போட்டான்.

டாக்டர் கிருஷ்ணகுமாரி தலை நரைத்த, அவசரமே இல்லாத பெண்மணி. தமிழில் யாழ்ப்பாணத்து வாடை அடித்தது. அறையில் ரப்பர் மிருகங்கள் நிறைய இருந்தன. லோஷினி ஒவ்வொன்றாக எடுத்து மெத்தைத் திண்டுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். கடைசியில் ஒரு முதலைக்கு மட்டும் இடம் போதவில்லை. டாக்டர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். லோஷினி அதை வாங்கி முதலையைப் போர்த்திவிட்டாள். அவ்வளவுதான் அன்றைய சிகிச்சை. ஒரு வார்த்தை இல்லை.

பிள்ளையைத் தாதியோடு அனுப்பிவிட்டு டாக்டர் கேட்டார். "எங்கையாவது கதைக்கிறாளா?"

"கதைக்கிறாளாவா? என் வேன்ல ரேடியோ தோத்துடும் டாக்டர்!" காளியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "போன வாரம்கூட என்ன சொன்னா தெரியுமா..."

டாக்டர் கையைத் தூக்கினார். "அதை எனக்குச் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் அம்மா. அவளுக்கெண்டு இருக்கிற இடம் இப்ப அது ஒண்டுதான். அவளா என்னட்டச் சொல்லுற வரைக்கும் நான் காத்திருக்கிறன். அவள் ஒரு இடத்திலயும் கதைக்காமல் போனால் எனக்கும் வழியில்லை. வக்கீல்மார் கேட்டாலும் சிகிச்சை நடக்குது எண்டு மட்டும்தான் எழுதுவன்."

"சரிங்க டாக்டர். என் வாயில இருந்து ஒரு சொல்லு வராது," என்றாள் காளியம்மா. மனதாரத்தான் சொன்னாள்.

அன்று இரவே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அவளைப் பொய்க்காரி என்று நினைக்க வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லாதே என்றால் வெளியாளுக்குச் சொல்லாதே என்றுதான் அவளுக்குப் புரியும். நம்மில் யாருக்கு வேறு மாதிரிப் புரிகிறது? கூடப்பிறந்தவனுக்குச் சொல்வதைச் சொல்வது என்றே அவள் கணக்கில் எடுத்ததில்லை. அதிலும் பெற்றவன் அவன். மகள் குரல் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது அவனுக்கு. அதற்குப் பிறகு அவள் போன் போடும்போதெல்லாம், தலைக்கவசத்தைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசலில் நின்றபடியே கேட்பான். காளியம்மா குரலை மாற்றி, லோஷினி இழுக்கிற மாதிரியே இழுத்து, வீடு ஓரமாக வருவதையும் மீன்கள் படியேறுவதையும் நடித்துக் காட்டுவாள்.

"சிரிச்சாளாக்கா?"

"சிரிச்சாடா. நல்லா சிரிச்சா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். காளியம்மாவுக்கும் கண் கலங்கும். ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு தூங்கப் போவாள்.

அந்த நாள்களில் வேன் பயணம் அவளையும் மாற்றிக்கொண்டிருந்தது. லோஷினியைத் தங்காக்கில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது கண்ணாடியை அடிக்கடி பார்த்தாள். மழை விட்ட சாலையில் விளக்குகள் நீளநீளமாகக் கரைந்து கிடக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று அசைந்து அசைந்து வருவதுபோலவே இருக்கும். ஒரு நாள் யோங் பெங் பக்கம், பாவம் அது எட்டிப் பிடிக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். காளியம்மா தன்னைத் தானே திட்டிக்கொண்டாள், ஆனாலும் மெதுவாகவே ஓட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தங்காக்கில் வாசல் கேட் அருகே பிரேமலா நின்றுகொண்டிருந்தாள். துணிக்கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் காகிதக் கட்டு. லோஷினி அவளைத் தாண்டி வந்து வேனில் ஏறிக்கொண்டாள்.

"இத படிச்சீங்களா அண்ணி?"

திருச்செல்வத்தின் வக்கீல் லோகேஸ்வரன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சத்தியப்பிரமாணப் பத்திரம். பிரேமலா விரல் வைத்த இடத்தில் மலாய் மொழியில் இருந்ததை அவளே தமிழில் சொன்னாள். அக்குழந்தை தாயாரின் பராமரிப்பில் இருக்கும் காலத்தில், ஆளில்லாத ஒரு வீடு தன்னைப் பின்தொடர்வதாகத் தன் அத்தை காளியம்மாவிடம் பலமுறை கூறியுள்ளது. அவ்வீட்டில் தன் தாய் இல்லை என்று குழந்தை நம்புகிறது. இது தாயாரின் புறக்கணிப்பையே காட்டுகிறது.

மீன்களை வக்கீல் விட்டுவிட்டார்.

"அந்த வீட்ல அப்பாவும் இல்லதானே அண்ணி? அத ஏன் எழுதல?" பிரேமலா காகிதத்தை விரலால் தட்டினாள். "நான் உங்கள நம்பித்தானே புள்ளய அனுப்பறேன்."

காளியம்மா காகிதத்துக்குக் கை நீட்டினாள். பிரேமலா கொடுக்கவில்லை.

"எனக்கு ஆத்திரம் தாங்கல. இவகிட்டயே கேட்டுட்டேன். ஏன்டி, உன் வீட்ல நான் இல்லையா, நான் உனக்கு என்னடி கொற வெச்சேன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் போயி போர்வைக்குள்ள பூந்துக்கிட்டா."

சாலையில் மாலை வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. பாகோ வந்தது, போனது. காளியம்மா காத்திருந்தாள். யோங் பெங் வந்தது. செம்பனைகள் வரிசை வரிசையாக வந்து விலகிக்கொண்டிருந்தன, ஒவ்வொரு வரிசைக்கும் முடிவில் ஒரு கணம் நேரான பாதை தெரிந்து மறைந்தது. வேனுக்குள் ஏர்கான் சத்தம் தவிர எதுவும் இல்லை. லோஷினி அன்று ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடியில் தெரியாத இடத்தில்.

ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மண்பாண்டக் கடைகளுக்கு எதிரே வேனை நிறுத்தினாள். ஜாடிகளும் தொட்டிகளும் சாலையோரம் வரை வந்து கிடந்தன. அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தாள். லோஷினி சோளத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், கடிக்கவில்லை.

"கண்ணு," என்றாள் காளியம்மா, திரும்பாமலே. "வீடு வருதா?"

ஜன்னல் திரையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு திரையாக, இருக்கை இருக்கையாகப் போய், லோஷினி வேனின் எல்லா ஜன்னலையும் மூடினாள். பிறகு கடைசி இருக்கைக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். கூலாய் வரும்வரை காளியம்மா சத்தம் வராமல் அழுதாள். பேசுவதற்கு அந்தப் பிள்ளைக்கு இருந்ததே ஒரு வேன்தான், அதையும் பிடுங்கிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பியை மட்டும் விடவில்லை. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அலமாக், அடக் கடவுளே, நீயெல்லாம் ஒரு தகப்பனாடா செல்வம்? உன்ன நம்பித்தானே சொன்னேன்? அத கொண்டு போயி கோர்ட்ல கொட்டிட்டு வந்திருக்க!"

"நானும் லோகேஸ்வரன நம்பித்தானேக்கா சொன்னேன்." அவன் பூட்ஸைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டான். "புள்ள ஏதாச்சும் பேசுதான்னு கேட்டாரு. எனக்கு சந்தோஷம், பேசுதுன்னு சொன்னேன். அவங்க பக்கம் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? சிங்கப்பூருக்கு போயி வர்றவன் வீட்ல புள்ள யார்கூட இருக்கும்னு எழுதியிருக்காங்க. நான் என்னதான் காட்டறது? ஜட்ஜ் அவர் ரூம்ல கூப்பிட்டு புள்ளகிட்ட தனியா பேசப் போறாராம். இவ வாயே தொறக்கலைன்னா, பெரியவங்க எழுதினதுதான் நிக்கும்."

காளியம்மா அடுத்து ஒரு கத்து கத்துவதற்கு மூச்சை இழுத்தாள். கத்த முடியவில்லை. அவள் தம்பியை நம்பினாள், தம்பி வக்கீலை நம்பினான். நம்பாமல் யாரும் சொல்லவில்லை. ஆரம்பித்தது அவள்தான்.

"அந்த வீட்டப் பத்தி எழுதினத எடுத்துடச் சொல்லு."

"சொல்றேன்க்கா. ஆனா படிச்சவங்க படிச்சிட்டாங்க."

மறுநாள் லோகேஸ்வரனே போன் செய்தார். அவளும் தனியாக ஒரு சத்தியப்பிரமாணப் பத்திரம் கொடுத்தால் வழக்குக்கு நல்லது என்றார், மிகவும் மரியாதையாக. "வேன் ஓட்றவ ரோட்டத்தான் பாப்பா சார். எனக்கு ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் தெரியாது," என்று வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி நாள் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வேன்காரரை ஏற்பாடு செய்துவிட்டுத் தங்காக் போய் லோஷினியைக் கூட்டிவந்தாள். வழி முழுவதும் திரைகள் மூடியே இருந்தன. ஆஸ்பத்திரி வாகன நிறுத்துமிடத்தில் அங்சானா மரங்கள் மஞ்சள் பூவைக் கொட்டியிருந்தன, காற்றடித்தால் இன்னும் கொட்டின. லோஷினி இறங்க மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. கடைசி இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கெஞ்சினாலும் விடவில்லை.

காவலாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காளியம்மா மேலே ஓடிப்போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், தம்பியிடம் வாய் விட்டதையும் சேர்த்து. டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, ரப்பர் மிருகங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவள் வரமாட்டாள் எண்டால் நான் போறன். இதுக்கு அரசாங்கம் தடை ஒண்டும் சொல்லாது."

வேனில் ஏறி, கடைசி வரிசைக்கு முன்வரிசையில் டாக்டர் உட்கார்ந்தார். பையைப் பக்கத்தில் வைத்தார், திறக்கவில்லை. காளியம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஏர்கானைக் கூட்டினாள். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. பிள்ளை பேசும், நாமும் கேட்கலாம். வீடு வருதோ, மீன் வருதோ, அந்தக் குரலை மறுபடி ஒரு தடவை கேட்டால் போதும்.

மூடிய திரைகளுக்குள் வெளிச்சம் பச்சையாக, குளத்து அடியில் இருப்பதுபோல இருந்தது. பூக்கள் கூரையில் விழும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர் பேசவில்லை. லோஷினியும் பேசவில்லை. யாருக்கும் அவசரம் இல்லைபோல நேரம் போனது. காளியம்மா மெல்லக் கண்ணாடியை நிமிர்த்திப் பின்னால் பார்த்தாள்.

லோஷினி டாக்டரைப் பார்க்கவில்லை. காளியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. கடையில் ஆள் கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

காளியம்மாவுக்குப் புரிந்தது. குறைய வேண்டிய கூட்டம் அவள்தான்.

இன்ஜினை அணைக்காமல், சாவியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். கை பிரேக்கை இழுத்துச் சரிபார்த்தாள். "லோஷினி, அத்தை எறங்கறேன். வெளிய மரத்தடியில நிப்பேன். கதவ நீயே சாத்திக்கோ."

இறங்கி நின்றாள். லோஷினி இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். அத்தையின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே பூட்டைத் தட்டினாள். வேன் வாங்கிய நாளிலிருந்து அதற்கு வெளியே காளியம்மாவை வைத்து யாரும் பூட்டியதில்லை. அந்தச் சின்னச் சத்தம் அவளை என்னவோ செய்தது. பெற்றிருந்தால்கூட இவ்வளவு வலிக்குமா என்று தெரியவில்லை.

மரத்தடியில் நின்றாள். தலையிலும் தோளிலும் பூ விழுந்தது. கொஞ்ச நேரத்தில், கடைசி ஜன்னலின் திரை ஒன்று விலகியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் லோஷினியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. ஒரு கை மேலே ஏறியது, இரண்டு கையும் விரிந்தன, மறுபடி உதடுகள் அசைந்தன. பேசுகிறாள். நிற்காமல் பேசுகிறாள். காளியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இத்தனை வருஷம் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தபடி வேன் ஓட்டியவளுக்கு, சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் பார்த்தே என்ன பேசுகிறார்கள் என்று சொல்லத் தெரியும். இன்னும் இரண்டு அடி முன்னால் போனால் போதும்.

காளியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி, வேனுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.